எதிர்த்த மொழி, எடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் பரிசல் துறையில் போய் நின்றால் நான்கு மொழி காதில் விழும். தமிழ், கன்னடம், தெலுங்கு, அப்புறம் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கும் ஐ.டி. பிள்ளைகளின் இந்தி. பரிசல்காரர்கள் இந்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் தலைக்கு எவ்வளவு, ஒரு பரிசலில் எத்தனை பேர், நடு ஆற்றில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் அந்த மொழியிலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதி வாடிக்கையாளர்களிடம் கற்றது. மீதி சினிமாவில் பொறுக்கியது. ஊர்ப் பெயரே கன்னடத்திலிருந்து வந்ததுதானே! ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ நம் கல்தான். அருவி விழுந்து எழும்பும் நீர்த்திவலையைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

இந்தப் பாறைகளை இந்திக்காரர்கள் முதலில் பார்த்தது காரில் வந்து அல்ல, திரையில். 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ரோஜா’வில் ‘சின்னச் சின்ன ஆசை’ பாட்டை மணிரத்னம் ஒகேனக்கல்லிலும் பாணதீர்த்தத்திலும் படமாக்கினார். ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். கதைப்படி ரோஜா நெல்லைச் சீமைக் கிராமத்துப் பெண். அவள் குளித்துக் குதித்துப் பாடுவது தருமபுரிக் காவிரியில். சினிமாவுக்கு ஏது ஜில்லா எல்லை? படம் இந்தியில் டப் ஆகி வடக்கே போனபோது அதே பாட்டை அங்கேயும் மின்மினியே பாடினார். பாட்டு வடக்கை ஒரு கலக்குக் கலக்கியது. முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கிய ஏ.ஆர். ரஹ்மானை பம்பாய் கூப்பிட்டுக்கொண்டது. 1995இல் ‘ரங்கீலா’ வந்த பிறகு இந்தித் திரையிசையின் ஒலியே வேறாகிவிட்டது.

இந்தியை எதிர்த்து ரயில் மறித்த மாநிலம், துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்த மாநிலம், இந்தி சினிமாவுக்கு இவ்வளவு செய்திருக்கிறது என்பது பலருக்கு வேடிக்கையாகப் படுகிறது. எனக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. நாம் வேண்டாம் என்றது ஆபீஸ் இந்தியை. கொட்டகை இந்தியை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அதைப் பார்த்தோம், பாடினோம், அதைவிட முக்கியமாக, நாமே எடுத்து விற்றோம்.

ஆதியில் இந்த வம்பே கிடையாது. 1913இல் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தபோது படத்துக்கு வாய் இல்லை. சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தபோதும் அப்படித்தான். இடையில் வரும் எழுத்து அட்டையை மாற்றினால் போதும், எந்த ஊருக்கும் படம் போகும். வாய் திறந்த பிறகுதான் மொழி வந்தது. 1931 மார்ச் 14, பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் ‘ஆலம் ஆரா’. எடுத்தவர் இம்பீரியல் கம்பெனி அர்தேஷிர் இரானி. அதே ஆண்டு அக்டோபர் 31இல் சென்னையில் வெளியான முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதற்கும் முதலாளி அதே இரானி. படம் பிடித்ததும் அதே பம்பாயில்தான். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கில் பேசினார்கள். ஜனங்கள் அதையும் முண்டியடித்துப் பார்த்தார்கள். இந்திப் பேசும் படமும் தமிழ்ப் பேசும் படமும் ஒரே வீட்டில் ஏழு மாத இடைவெளியில் பிறந்தவை என்று சொன்னால் தப்பில்லை.

அந்தப் படங்கள் பேசிய மொழியையும் கவனிக்க வேண்டும். பெயர்தான் இந்தி, உள்ளே பாதிக்கு மேல் உருது. பாட்டு எழுதிய சாஹிர், மஜ்ரூஹ், கைஃபி எல்லாரும் உருதுக் கவிஞர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்களுக்கு அந்தப் பாட்டுகள் அந்நியமாக இருந்ததே இல்லை. சமஸ்கிருதம் கொட்டிப் பிசைந்த ஆகாசவாணிச் செய்திதான் யாருக்கும் புரியவில்லை, வடக்கத்தியாருக்கும் சேர்த்து! 1952இல் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டே தரக்குறைவு என்று வானொலியில் ஓரங்கட்டினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, கொழும்பிலிருந்து சிற்றலையில் இரைச்சலோடு வரும். ஐந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1957 அக்டோபரில் அரசாங்கமே சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதியைத் தொடங்கியது. இந்தியைப் பரப்ப டில்லி போட்ட திட்டங்கள் எல்லாவற்றையும்விட, டில்லி தடுக்கப் பார்த்த பாட்டுதான் அந்த மொழியைத் தெற்கே கொண்டுவந்து சேர்த்தது.

முரசின் மேல் ஆடிய ஆட்டம்

இனி வாசன் கதை. ஜெமினி எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வுக்குக் கொட்டிய பணம் சுமார் 30 லட்சம் ரூபாய் என்பார்கள். நாற்பதுகளில் அந்தத் தொகையைக் கற்பனை செய்வதே கஷ்டம். சர்க்கஸ் கம்பெனி, யானைகள், அரண்மனை, கடைசியில் அந்த முரசு நடனம். ஆள் உயரத்தை மிஞ்சும் முரசுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் பெண்கள் ஆடுவார்கள். டி.ஆர். ராஜகுமாரி நடுவில். வில்லன் ரஞ்சன் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் வயிறு திறக்கும். உள்ளே பதுங்கியிருந்த வீரர்கள் வாளோடு குதிப்பார்கள். இன்று கம்ப்யூட்டரில் ஆயிரம் முரசு அடுக்கலாம். அந்தக் காட்சியின் கனம் வராது. அங்கே நின்றது அத்தனையும் மரமும் தோலும் மனுஷரும்.

1948 ஏப்ரலில் தமிழில் வந்தது. நன்றாக ஓடியும் போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கொட்டகைகளை மட்டும் நம்பினால் வாசன் கடனாளியாகத்தான் நின்றிருக்க வேண்டும். அவர் இந்தியில் வசனம் எழுதவைத்து, சில காட்சிகளை மாற்றி, அதே ஆண்டு டிசம்பரில் வடக்கே இறக்கினார். விளம்பரத்துக்கும் தண்ணீராகச் செலவழித்தார். வடக்கு வாயைப் பிளந்தது. சென்னையில் இந்திப் படம் எடுக்கலாம், லாபமும் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. ரஞ்சன் இந்தியில் ‘நிஷான்’, ‘மங்களா’ என்று வாள் சுழற்றத் தொடங்கினார்.

இது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. காலமும் ஒத்துழைத்தது. அதுவரை இந்திப் படம் என்பது பெரிய ஸ்டுடியோக்களின் சரக்கு: மலாடில் ஹிமான்சு ராயும் தேவிகா ராணியும் நடத்திய பாம்பே டாக்கீஸ், கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ், பூனாவின் பிரபாத். நடிகர்களுக்கு அங்கே மாதச் சம்பளம். யுத்தகாலத்தில் கறுப்புப் பணம் புகுந்தது. நேற்று வந்த முதலாளிகள் நட்சத்திரங்களைக் கொத்திக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளின் நடுவுக்குள் மூன்று ஸ்டுடியோவுக்கும் மூச்சு நின்றது. பம்பாயில் ஒரு நடிகர் ஒரே நேரத்தில் பத்துப் படத்தில் இருப்பார்; காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொன்று. படம் எப்போது முடியும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சென்னையில் மணியடித்தால் ஏழு மணிக்கு செட்டில் இருக்க வேண்டும். கதை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பூஜை. தமிழிலோ தெலுங்கிலோ ஏற்கெனவே ஓடி நிரூபித்த கதைதான் பெரும்பாலும். பேசிய பணம் பேசிய நாளில் கைக்கு வரும். பம்பாய் நட்சத்திரங்கள் கோடம்பாக்கத்துக்கு ஓடி வந்ததற்கு இட்லி சாம்பார் காரணமில்லை.

ஏவி.எம். ‘வாழ்க்கை’யை ‘பஹார்’ ஆக்கி 1951இல் வைஜயந்திமாலாவை வடக்குக்குக் கொடுத்தது. ‘களத்தூர் கண்ணம்மா’ ‘மைன் சுப் ரஹூங்கி’ ஆயிற்று. ‘குழந்தையும் தெய்வமும்’ ‘தோ கலியான்’. எல்.வி. பிரசாத் ‘சாரதா’, ‘சோட்டி பஹன்’, ‘மிலன்’ என்று அடுக்கினார். ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தை ‘தில் ஏக் மந்திர்’ ஆக்கினார். அண்ணன் தங்கை பாசம், தியாகம் செய்யும் அண்ணி, வாய் திறக்காமல் அழும் தாய் என்று இந்தி சினிமாவுக்குள் போன குடும்பக் கண்ணீரில் பெரும்பகுதி வடபழனியில் காய்ச்சியது. அதைப் பெருமையாகவா சொல்ல வேண்டும் என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கண்ணீரோடு சிரிப்பையும் அனுப்பியிருக்கிறோம். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்த தமிழர் உண்டா? ‘ப்யார் கியே ஜா’வில் அதை மெஹ்மூத் ஓம் பிரகாஷிடம் சொல்வார். கதவு கிறீச்சிடும் சத்தத்தை வாயால் போடுவதும், கேட்பவர் முகம் மெல்ல மெல்ல வெளிறுவதும் அச்சு அசல். மெஹ்மூதுக்கு விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பாலையாவின் விழிக்கு ஈடில்லை.

சேலம் ஜில்லாவின் பங்கு

1965 அக்டோபர் 2 வரை தருமபுரி தனி மாவட்டம் இல்லை; சேலத்தோடு இருந்தது. அந்தப் பழைய சேலம் ஜில்லாவுக்கு இந்தக் கதையில் நல்ல பங்கு உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தைச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அந்த ஸ்டுடியோவில் இன்று மிஞ்சி நிற்பது ஏற்காடு சாலையில் ஒரு நுழைவு வளைவு. நான் சொல்ல வந்தது அதை அல்ல.

நாமக்கல்லும் அப்போது சேலம் ஜில்லாதான். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ‘மலைக்கள்ளன்’ என்று ஒரு நாவல் எழுதினார். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு அதை 1954இல் படமாக்கினார். எம்.ஜி.ஆர்., பானுமதி, வசனம் மு. கருணாநிதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். அடுத்த ஆண்டே அதை நாயுடு இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுத்தார். திலீப் குமார், மீனா குமாரி. அதுவரை படத்துக்குப் படம் அழுது, குடித்து, செத்துக்கொண்டிருந்தார் திலீப் குமார். சோக வேஷம் மனசைத் தின்கிறது, கொஞ்சம் லேசான வேஷம் கட்டுங்கள் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். தாடி ஒட்டி, குரல் மாற்றி, ஏழைகளுக்கு வாரி வழங்கும் மலைக்கள்ளன் அவருக்கு மருந்தாக வந்து சேர்ந்தான். இசைக்கு முதலில் நௌஷத்தைக் கேட்டார்கள். நாயுடு கொடுத்த கெடுவைக் கேட்டு அவர் கும்பிடு போட்டுவிட்டார். சி. ராமச்சந்திரா ஒப்புக்கொண்டு மளமளவென்று போட்டுக் கொடுத்த பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. படம் அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

வடக்கின் ஆதிக்கத்தை எதிர்த்துத் தண்டவாளத்தில் தலை வைத்த கருணாநிதி வசனம் எழுதிய படம், அடுத்த வருஷமே இந்தியில் போய்ப் பணம் அள்ளியது. யாரும் இதில் முரண்பாடு பார்க்கவில்லை. 1965 பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளியாகிக் கொட்டகைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பதினோராம் நாள் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது. அதே கதை 1967இல் ‘ராம் அவுர் ஷியாம்’. அந்த வருஷம்தான் காங்கிரஸ் இங்கே ஆட்சியை இழந்தது. எதிர்த்திசையிலும் வண்டி ஓடியது. எம்.ஜி.ஆர். 1975 ஒரே ஆண்டில் ‘நினைத்ததை முடிப்பவன்’, ‘நாளை நமதே’, ‘பல்லாண்டு வாழ்க’ என்று மூன்று இந்திக் கதைகளில் நடித்தார்.

வடக்கும் நம்மைப் பிடிக்க ஒரு பெரும் முயற்சி செய்தது. ‘முகல்-இ-ஆஸம்’ படத்தின் காட்சிகளை கே. ஆசிஃப் இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மும்மூன்று தடவை எடுத்தார். தமிழ் வடிவம் 1961இல் ‘அக்பர்’ என்ற பெயரில் வந்து படுத்தது. ஆங்கிலத்தை அவர் அதோடு கைவிட்டார். கொட்டகை இந்தியை இந்தியாகவே பார்ப்போம், நம் வாயில் ஒட்டவைத்தால் பார்க்க மாட்டோம் என்பது அன்றைய தீர்ப்பு. ‘ஆராதனா’வும் ‘யாதோன் கி பாராத்’தும் ‘ஷோலே’யும் இங்கே மொழிமாற்றம் இல்லாமலேதான் ஓடின.

‘ஷோலே’ என்றதும் ஒரு சின்ன விஷயம். கப்பர் சிங் உட்கார்ந்திருந்த பாறைகள் இருப்பது பெங்களூரை அடுத்த ராமநகரத்தில். அந்த ஊர் வழியாக ஓடும் அர்க்காவதி, சங்கமத்தில் காவிரியோடு கலந்து, மேகேதாட்டு தாண்டி, நேரே ஒகேனக்கல்லுக்குத்தான் வருகிறது. அந்தப் படத்தை எழுதிய சலீம்–ஜாவேத் ஆரம்ப நாளில் வேலை பார்த்த ஒரு படம் ‘ஹாத்தி மேரே சாத்தி’. எடுத்தவர் நம் சாண்டோ சின்னப்பா தேவர். இந்தி தெரியாத தேவர், ராஜேஷ் கன்னாவையும் யானைகளையும் வைத்து 1971இல் வடக்கைக் கொள்ளையடித்தார்.

சலீம்–ஜாவேத் உருவாக்கிய கோபக்கார அமிதாப் தமிழ்நாட்டுக்கு ரஜினி முகத்தோடு வந்தார். ‘டான்’ ‘பில்லா’ ஆனது, ‘தீவார்’ ‘தீ’ ஆனது, ‘திரிசூல்’ ‘மிஸ்டர் பாரத்’ ஆனது. ‘நமக் ஹலால்’தான் ‘வேலைக்காரன்’, ‘லாவாரிஸ்’தான் ‘பணக்காரன்’. ரஜினியின் பூர்வீக ஊரான நாச்சிக்குப்பம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்; 2004 பிப்ரவரியில் பிரியும்வரை அது தருமபுரி மாவட்டம். வீட்டில் மராத்தி, பிறந்து வளர்ந்தது பெங்களூர், பேர் வாங்கியது தமிழில், கதை இந்தியிலிருந்து. இந்தப் பக்கத்து ஆள் வேறு எப்படி இருப்பார்?

எல்லாம் இப்படிச் சுமுகமாகப் போய்விடவில்லை. கதை வாங்கினார்கள், பணம் வாங்கினார்கள், நடிகைகளை வாங்கினார்கள். ஆனால் திரையில் ‘மதராஸி’ என்றால் பட்டை விபூதி, குடுமி, ‘ஐயோஜி’. ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் கட்டிய பாட்டு வாத்தியார் வேஷம் அபார நடிப்புதான். அந்த அபாரத்தால்தான் அது பல வருஷம் நம் முதுகில் ஒட்டிக்கொண்டது. 2013இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ வந்தபோதும் உரிக்க முடியவில்லை. சென்னைச் சம்பளத்தில் சென்னைக் கதைகளில் சிரிக்கவைத்த மெஹ்மூதே அதைச் செய்தார் என்பதுதான் கசப்பு.

அதற்குச் சரியான பதில் கே. பாலசந்தரிடமிருந்து வந்தது. 1981, ‘ஏக் தூஜே கே லியே’. தயாரிப்பு எல்.வி. பிரசாத். கமல்ஹாசன் நடித்த வாசு தமிழ்ப் பையன், இந்தி தெரியாது. காதலிக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அவளோடு பேச அவனிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. ஆனால் கொட்டகை வாசல்களில் பார்த்த இந்திப் படப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றையே கோத்துக் கோத்துப் பாட்டாகப் பாடுகிறான். சினிமாவைத் தவிர வேறு இந்தி அறியாத தமிழ்நாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் படம் பிடிக்கவில்லை. குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியம். தென்னாட்டு உச்சரிப்பு தெரிகிறது என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் படத்தின் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது.

பதினொரு வருஷம் கழித்து ‘ரோஜா’வைத் தயாரித்ததும் அதே பாலசந்தரின் கவிதாலயாதான். தமிழ் மூலத்தில் ரோஜாவின் துயரத்தில் பாதி, காஷ்மீரில் யாரிடமும் பேச முடியாத துயரம். புருஷனைக் கடத்திவிட்டார்கள், முறையிட மொழி இல்லை. இந்தி டப்பிங்கில் அவள் முதல் காட்சியிலிருந்தே சரளமாக இந்தி பேசுகிறாள். அந்தத் தவிப்பு அங்கே போகவே இல்லை. பாட்டு போயிற்று, தேசபக்தி போயிற்று, ஒகேனக்கல் அருவியும் போயிற்று. தமிழ்ப் பெண்ணின் ஊமைத்தனம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. ‘ரோஜா’ இந்தியில் ஜெயித்த கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

மணிரத்னம் 2010இல் இந்த ஆற்றுக்குத் திரும்பி வந்தார். ‘ராவணன்’, ‘ராவண்’ இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்தார். உயரமான பாறையிலிருந்து நாயகன் நீரில் பாயும் காட்சி ஒகேனக்கல்லில் எடுத்தது. பாய்ந்தது பெங்களூரைச் சேர்ந்த ஒரு டைவிங் வீரர். தமிழில் அவர் விக்ரமாகத் தெரிவார், இந்தியில் அபிஷேக் பச்சனாக. விக்ரம் இந்தியில் எதிர்ப்பக்கம் போய்ப் போலீஸ் அதிகாரி ஆகிவிடுவார்.

அதற்குள் கணக்கும் மாறியிருந்தது. ஏ.ஆர். முருகதாஸ் தன் ‘கஜினி’யை 2008இல் ஆமிர் கானை வைத்து எடுத்தார், உள்நாட்டு வசூலில் நூறு கோடி தாண்டிய முதல் இந்திப் படம் அது. 2023இல் ஷாருக் கானின் ‘ஜவான்’ உலகம் முழுக்க ஆயிரம் கோடி தாண்டியது. இயக்கம் அட்லி, இசை அனிருத். வாசன் காலத்தில் சென்னை படத்தைச் செய்து வடக்கே அனுப்பியது; இப்போது ஆட்களை அனுப்புகிறது. கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் இருந்த பல இடங்கள் அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. லாபம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால், வாசன் காலமே தேவலை. இன்னொரு பக்கம், ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பீகார்ப் பையன்கள் ராத்திரி கைப்பேசியில் பார்ப்பது பெரும்பாலும் இந்தி பேசும் விஜய், அல்லு அர்ஜுன் படங்கள். அவர்களுக்கு நம் படமே இந்திப் படம்.

கடைசியாக ஒன்று. இந்தியின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’வின் பிரதி இன்று உலகில் எங்கும் இல்லை. தமிழின் ‘காளிதாஸ்’ பிரதியும் இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும் நோட்டீசுகளும் பத்திரிகை விளம்பரங்களுமே. தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பழைய டூரிங் கொட்டகை நடத்தியவர்களின் வீடுகளில், பரண் மேல் தகரப் பெட்டியில் அப்படி ஏதாவது கிடக்கலாம். இந்தியோ தமிழோ, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தகவல் சொன்னால் வாங்கிப் பாதுகாப்பார்கள்.